கொத்தாத பாதி

பயறு அளந்த அன்று களத்தில் இருந்தவர்கள் இவர்கள். சின்னத் துரை, மர நாற்காலியில். கணக்கு எழுதுகிற கிராணி, பக்கத்தில் மேசை போட்டு. எங்களை வேலை வாங்குகிற மண்டோர், கையில் அளக்கிற பால் டின்னோடு. மாட்டுக்காரர். அவர் மனைவி. பெரிய லயத்து அண்ணன். அவன் தம்பி. நான். அப்புறம் அக்கா. அவள் தன் இரண்டு சாக்குகளுக்கு நடுவில் குந்தியிருந்தாள். மொத்தம் ஒன்பது பேர்.

அக்கா எனக்கு உறவு இல்லை. எங்கள் லயத்து வீட்டு வரிசையில் கடைசி வீடு அவளுடையது. அதற்கு முந்தின வீடு என்னுடையது. என்னைவிடப் பத்து வயது மூத்தவளாக இருப்பாள். தோட்டத்துப் புத்தகத்தில் அவளுக்கு ஒரு பேர் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. நானும் இங்கே எழுதவில்லை.

அவள் வாயில் எப்போதும் ஒரு பேச்சு உண்டு. "அதுபாட்டுக்குக் கெடக்கட்டும்." எதற்கும் அதுதான். கஞ்சி அடிப்பிடிக்கிற வாசனை என் வீடு வரைக்கும் வரும். கிண்டி விடச் சொன்னால் கெடக்கட்டும் என்பாள். பிடித்ததைச் சுரண்டித் தானே தின்பாள். குழாயடியில் இரண்டு பெண்கள் மயிரைப் பிடித்துக்கொண்டால் நாங்கள் விலக்க ஓடுவோம். அவள் அந்த நேரத்தில் குடத்தை நிரப்பிக்கொண்டு போய்விடுவாள்.

"விலக்கி விடக் கூடாதாக்கா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"கை வலிச்சா அதுங்களே விடும் லா," என்றாள்.

ஒரு நாள் லயத்துக் கால்வாயில் நல்ல பாம்பு கிடந்தது. நாங்கள் கம்பு எடுத்துக்கொண்டு போனோம். அவள் கால்வாய் ஓரத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பாம்பு அவளுக்கு நாலு முழத்தில் இருந்தது. "ஏன் அதைப் போட்டு? வந்த மாதிரி போயிடும்," என்றாள். கம்பை ஓங்கினவன் யோசித்து நின்றான். பாம்பு போய்விட்டது. அடுத்த வாரம் மாட்டுக்காரரின் கன்று தொழுவத்தில் செத்துக் கிடந்தது. காலில் இரண்டு பல். அதே பாம்புதான் என்று மாட்டுக்காரர் சொன்னார். அதே பாம்புதானா என்று யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு மாட்டுக்காரர் அவளோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார்.

எங்கள் வேலை வெளிக்காடு. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்களுக்கு மரம். எங்களுக்கு மரத்தடி. அந்தக் காலத்தில் பால்மரத்தடி பெருக்கின வாசல் மாதிரி இருக்க வேண்டும். ஒரு புல் நின்றாலும் மண்டோர் பார்த்துவிடுவார். நின்றால் அரைப் பேர். அதாவது முழுநாள் குனிந்தாலும் புத்தகத்தில் அரை நாள்தான் விழும். அதனால் எல்லாரும் மண்ணோடு சேர்த்துக் கொத்திச் சுரண்டி எடுப்போம். மழை வந்தால் மேடு சிவப்பாக ஓடும். ஆற்றில் இரண்டு நாள் இறங்கிக் குளிக்க முடியாது. சில சரிவுகளில் மரத்தின் வேர் முழங்கால் உயரத்துக்கு வெளியில் நின்றது. அதைப் பார்த்து நான் ஒன்றும் நினைத்ததில்லை. சுத்தம் என்றால் அதுதான் என்று இருந்தேன்.

அக்காவுக்குக் கொடுத்த நிரையில் மட்டும் மண் தெரியாது. புல்லைத் தரையோடு அறுப்பாள். அறுத்ததை அங்கேயே போடுவாள். வேரைத் தொட மாட்டாள்.

"என்னா இது, மாட்டுக்குப் பாய் விரிச்சியா?" என்று மண்டோர் கேட்பார்.

"காஞ்சிடும். அதுபாட்டுக்குக் கெடக்கட்டும்."

"நானும் ஒன்ன மாதிரியே கெடந்தா எனக்குச் சோறு யாரு போடுவா?"

நாங்கள் சிரிப்போம். அவளுக்கு அரைப் பேர் விழும். அவள் மறுநாளும் அப்படியேதான் அறுப்பாள். சோம்பேறி என்று பேராகிவிட்டது. அவள் மறுத்துப் பேசவில்லை. எதையும் மறுத்துப் பேசுகிற ஆள் இல்லை.

அவள் புருஷன் செத்ததும் அவளால்தான் என்று லயத்தில் சொல்வார்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன். அவனுக்குக் குளிர் காய்ச்சல். மூன்று நாள் நடுங்கிக்கொண்டே இருந்தான். நாலாம் நாள் காலையில் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக மண்டோர் இரண்டு ஆளை அனுப்பினார். நான் ஒருவன். அவள் கதவை மறைத்து நின்றாள்.

"மூணு நாளா கண்ணு மூடல தம்பி. இப்பத்தான் தூங்குறாரு. அதுபாட்டுக்குக் கெடக்கட்டும். வெயில் எறங்கவும் போலாம்."

திரும்பிவிட்டோம். மத்தியானம் அவன் எழுந்திருக்கவில்லை. காலையிலேயே கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று மருந்து கொடுக்கிற டிரஸர் என்னிடம் சொன்னார். அவளிடம் அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஒரு மாதம் அந்தப் பேச்சு அவள் வாயில் வரவில்லை. பிறகு வந்தது.

அவளுக்கு ஒரே மகள். அந்தப் பெண் தானாகவே ஒருவனைப் பார்த்து, அவனோடு மம்பாவ் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விட்டது. அப்போதும் அக்கா ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வருஷம் கழித்து அந்தப் பெண்ணே ஒரு நாள் வந்து வாசலில் நின்றது. உள்ளே வா என்றாள். அவ்வளவுதான் நடந்தது.

பிறகு ரப்பருக்கு விலை விழுந்துவிட்டது. பால் வெட்டுகிற நாளைக் குறைத்தார்கள். பிறகு ஆளைக் குறைத்தார்கள். லாரி வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். அங்கிருந்து ரயில். அப்புறம் பிறந்த ஊருக்குக் கப்பல். லயத்தில் பாதிக் கதவுகள் சாத்திக் கிடந்தன. வெளிக்காட்டில் ஆறு குடும்பம் மிஞ்சினோம். ஒரு காலை பேர் கூப்பிட்டு முடிந்ததும் சின்னத் துரை எங்கள் ஆறு பேரை மட்டும் நிறுத்தினார். அவர் சொன்னதைக் கிராணி தமிழில் சொன்னார். கிராணி யாழ்ப்பாணத்துக்காரர்.

"பழைய மரம் வெட்டின மேட்டிலை ஆளுக்கொரு பங்கு துரை அளந்து தாறார். விதையும் தாறார். சோயாப் பயறு. பங்குக்கு மூண்டு டின் பயறு வந்தா அந்தக் குடும்பம் அரை வேலையோட இஞ்ச இருக்கலாம். வராட்டி அடுத்த கப்பல். விளங்கிச்சோ?"

"என்னா டின்னுங்க ஐயா?" என்று மாட்டுக்காரர் கேட்டார்.

"மண்ணெண்ணெய் டின்."

ஒரு மண்ணெண்ணெய் டின்னுக்குள் பால் டின்னால் அறுபது பிடிக்கும். அன்று சாயங்காலமே தண்ணீர் ஊற்றி அளந்து பார்த்துவிட்டோம். விளைந்ததைப் பகாவ் கடைத்தெருவில் பயற்றுப் பாலைக் கட்டியாக்கித் தௌஹு செய்கிற சீனர் வாங்கிக்கொள்வார் என்று பேச்சு. சோயா என்பது எங்கள் வாயில் நிற்கவில்லை. சீனப் பயறு என்றோம்.

அந்த வாரம்தான் மம்பாவிலிருந்து அக்காவுக்கு ஆள் வந்து சேதி சொன்னது. மகளுக்கு ஐந்து மாதம். மாமியார் இல்லாத வீடு. பிரசவத்துக்கு அம்மா வர வேண்டும்.

அவள் விரலை மடக்கி எண்ணினதை நான் பார்த்தேன். பயறு நூறு நாள் பயிர். அறுத்து அளந்து முடிக்கவும் மகளுக்கு மாதம் நெருங்கவும் சரியாக இருக்கும். இங்கே பேர் இருந்தால் பத்து நாள் லீவு சொல்லிப் போய் வரலாம். பேர் இல்லையென்றால் கப்பல்தான்.

"மகளோடயே போயி இருந்துக்கலாமேக்கா," என்றேன்.

"அங்கயும் ஆளைக் கொறைக்கிறாங்க. பேரில்லாத ஆளை லயத்துல வச்சா அவங்க பேரும் போயிடும்," என்றாள்.

அவள் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது குறைவு.

மேட்டில் பங்கு பிரித்தார்கள். அக்காவின் பங்கு மேலே. அதற்கு நேர் கீழே என்னுடையது. நடுவில் நாலு முளைக்குச்சி மட்டும்.

நாங்கள் செய்ததைச் சொல்ல வேண்டும். நாங்கள் எல்லாரும் புல்லு வெட்டிப் பழகின கைகள். நிலம் கொடுத்ததும் முதலில் அதைச் சுத்தம் செய்தோம். லாலான் புல்லைச் சுரண்டிக் குவித்து எரித்தோம். பெரிய லயத்து அண்ணனும் தம்பியும் முழங்கால் ஆழத்துக்குப் புரட்டினார்கள். ஒரு தடவை போதாது என்று இரண்டு தடவை. கீழே கிடந்த மஞ்சள் மண் மேலே வந்தது. பார்ப்பதற்கு அழகாக இருந்தது. மண்டோர் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய் அதைக் காட்டினார். அடுத்த மழையில் அந்த மஞ்சள் மண் ஓடு மாதிரி இறுகியது. விதையில் பாதி முட்டிக்கொண்டு வெளியில் வரவில்லை.

மாட்டுக்காரருக்கு நாலு மாடு. பச்சைச் சாணியைக் கூடை கூடையாகக் கொட்டினார்.

"பயிருக்குப் பசியே தெரியக் கூடாது," என்றார்.

பசி தெரியவில்லை. செடி இடுப்பு உயரம் வந்தது. இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். உள்ளே கையை விட்டுத் தேடினால் காய் இல்லை. "மாட்டுக்கு நல்ல தீனி," என்று தம்பிக்காரன் சொன்னான். மாட்டுக்காரர் அவனை அடிக்கப் போனார்.

நான் ஒரு சாண் கொத்தினேன். கொஞ்சம் சாணி, கொஞ்சம் சாம்பல். எனக்கு எதுவும் தெரிந்து செய்யவில்லை. ஆழமாகக் கொத்த உடம்பில் தெம்பு இல்லை. அவ்வளவுதான்.

இன்னும் இரண்டு குடும்பம் இருந்தது. இரண்டாம் மாதமே முடியாது என்று அவர்களாகவே கப்பலுக்குப் பேர் கொடுத்துவிட்டார்கள்.

அக்கா கொத்தவில்லை. லாலானை அடியோடு அறுத்து அங்கேயே பரப்பினாள். போதாமல் சதுப்பு ஓரம் போய் மேலும் அறுத்துத் தலைச்சுமையாகக் கொண்டுவந்தாள். அது காய்ந்ததும் குச்சியால் விலக்கி ஒரு கீறல் கீறினாள். கீறலில் விதை. விதைமேல் மக்கின சாணி ஒரு பிடி, சாம்பல் ஒரு பிடி. பிறகு புல்லை இழுத்து மூடினாள். முளைத்து வருகிற லாலானை மறுபடி மறுபடி அறுத்தாள். சாம்பலுக்காகத் தினமும் விடியுமுன் லயத்தில் எரிகிற அடுப்பெல்லாம் போனாள். கூடையைத் தலையில் வைத்து மேட்டில் ஏறுவாள். சோம்பேறி என்று சொன்ன பெண்களே சாம்பலை எடுத்து வைத்துக் கொடுத்தார்கள். நான் எண்ணவில்லை. நூறு கூடைக்குக் குறையாது.

விதைக்கும் முன் அவள் செய்த இன்னொன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகாவ் நடந்து போய்விட்டு ஒரு சாக்கோடு வந்தாள். சாக்கில் இருந்தது மண்.

"என்னாக்கா, மண்ணுக்குமா பஞ்சம்?" என்றேன்.

"அந்தத் தௌஹுக்காரன் மச்சான் காட்டுல இந்தப் பயறுதான் போட்டிருக்கான். மொத வருசம் சரியா காய்க்கலயாம். அடுத்த வருசம் அதே எடத்துல போட்டானாம். நல்லா காய்ச்சுச்சாம். எனக்கு அடுத்த வருசம் ஏது? அதான் அவன் மண்ணையே கொண்டாந்தேன்."

அந்த மண்ணைக் கஞ்சித் தண்ணீரில் குழைத்து விதையைப் புரட்டி நிழலில் வைத்தாள். லயமே வேடிக்கை பார்த்தது. எனக்கும் கொஞ்சம் தருவதாகச் சொன்னாள். நான் வேண்டாம் என்றேன். கூட நின்ற ஆட்கள் சிரித்தது காரணம்.

பூ விடுகிற சமயம். காற்றில் எல்லையில் நின்ற அவள் செடி ஒன்று என் பக்கம் சாய்ந்தது. தூக்கி நிறுத்தப் பிடித்தேன். வேரோடு வந்துவிட்டது. வேர் முழுக்க உருண்டை உருண்டையாக முடிச்சு. கடுகு அளவிலிருந்து மிளகு அளவு வரைக்கும். நான் என் செடி ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் சுத்தமாக இருந்தது.

எங்கள் தோட்டத்தில் வேர் என்றால் பயம். சில வருஷம் முன்னால் ஒரு மேடு பால்மரம் முழுவதும் வேர்ச் சீக்கில் போனது. மேலே பச்சையாக நிற்கும். ஒரு நாள் சாயும். வேரில் வெள்ளையாகப் படர்ந்திருக்கும். அதற்கு வைத்தியம் ஒன்றுதான் எங்களுக்குத் தெரியும். அடி மண்ணைத் திறந்து வேரை வெயிலுக்குக் காட்ட வேண்டும். சீக்குப் பிடித்ததைப் பிடுங்கி எரிக்க வேண்டும். பக்கத்து மரத்துக்குப் போகாமல் சுற்றிலும் வாய்க்கால் வெட்ட வேண்டும். அந்த வேலையை நானே மாதக் கணக்கில் செய்திருக்கிறேன்.

என் பங்கு கீழே. சீக்கு இறங்கி வரும் என்று நினைத்தேன். எனக்கு மனைவி, இரண்டு குழந்தைகள். அக்காவிடம் சொல்லாமல் அந்தச் செடியை மண்டோரிடம் கொண்டுபோனேன்.

மண்டோர் அதைக் கையில் வாங்கவில்லை. தரையில் போடச் சொல்லிப் பார்த்தார். "எங்க?" என்றார். சொன்னேன். "ஒங்கிட்ட இருக்கா?" என்றார். இல்லை என்றேன்.

மறுநாள் காலை மூன்று ஆளை மண்வெட்டியோடு மேட்டுக்கு அனுப்பினார். அவரும் வந்தார். மூன்று பேரில் நான் ஒருவன். அக்கா பங்கின் ஓரத்தில் சாம்பல் கூடையோடு நின்றாள்.

"வேர்ச் சீக்கு. தொறந்து வெயில் காட்டணும்," என்றார் மண்டோர்.

"எது சீக்கு? பச்சையாத்தான நிக்கிது?"

"பால்மரமும் பச்சையாத்தான் நின்னுச்சு."

"இது பால்மரம் இல்லங்க மண்டோரே. அதுபாட்டுக்குக் கெடக்கட்டும்."

"ஒம்புருசனையும் அப்படித்தான கெடக்க விட்ட."

மண்டோர் கெட்ட மனுஷன் இல்லை. அந்தப் பேச்சு வாயில் வந்துவிட்டது. அதற்கு மேல் அவரும் அவளைப் பார்க்கவில்லை. அக்கா கூடையை எடுத்துக்கொண்டு ஓரமாகத் தள்ளிப் போய் நின்றாள். நாங்கள் கீழ் எல்லையில் ஆரம்பித்தோம்.

முதலில் அவள் பங்குக்கும் என் பங்குக்கும் நடுவில் வாய்க்கால் வெட்டினோம். பிறகு புல்லை வாரி ஒதுக்கினோம். அடியில் மண் கறுப்பாக, ஈரமாக இருந்தது. மண்வெட்டி தானாக இறங்கியது. மண்புழு வெட்டுப்பட்டது. அந்த மேட்டில் வேறு எங்கும் நான் மண்புழு பார்த்ததில்லை. பார்த்தேன். கொத்துவதை நிறுத்தவில்லை. நிரை நிரையாக அடியைத் திறந்துகொண்டு மேலே போனோம். முடிச்சு அதிகம் இருந்த செடிகளைப் பிடுங்கிக் குவித்தோம். எல்லாச் செடியிலும் முடிச்சு இருந்தது.

பாதி ஏறினபோது மத்தியானம். வானம் இருட்டிவிட்டது. மண்வெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மழை இரண்டு மணி நேரம் பெய்தது.

நின்றதும் போய்ப் பார்த்தேன். மேல் பாதி அப்படியே இருந்தது. புல்லின்மேல் தண்ணீர் நின்று மெதுவாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. கீழ்ப் பாதியில் செடிகள் படுத்துவிட்டன. வேர் வெளியில் தெரிந்தது. பூ கொட்டிக் கிடந்தது. மண் இல்லை. நாங்கள் வெட்டின வாய்க்காலில் அது வந்து நிறைந்து கிடந்தது. சாம்பல் கலந்த கறுப்பு மண்.

மறுநாள் சின்னத் துரைக்கு யாரோ சொல்லி அவர் மேட்டுக்கு வந்தார். முடிச்சு ஒன்றை நகத்தால் கீறினார். உள்ளே சிவப்பாக இருந்தது. கிராணியிடம் ஏதோ சொன்னார். கிராணி திரும்பி எங்களைப் பார்த்தார்.

"இது வருத்தம் இல்லையாம், சீக்கு இல்லையாம். இந்தப் பயறுக்கு இது இருக்கத்தான் வேணுமாம். காத்திலை இருக்கிற பசளையை இந்த முடிச்சுத்தான் பிடிச்சுச் செடிக்குக் குடுக்குதாம். இனிக் கொத்த வேண்டாமாம்."

"காத்துல எருவா?" என்றார் மண்டோர்.

"துரை சொல்லுறார். நான் சொல்லேல்லை."

மண்டோர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். மேல் பாதியும் கீழ்ப் பாதியும் தனித்தனியாக அடித்து அளக்க வேண்டும் என்று துரை சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு வித்தியாசம் தெரிய வேண்டுமாம். மூன்று டின்னைக் குறைப்பதாகச் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அக்கா அன்றே புல்லைத் திரும்பப் பரப்பினாள். சாய்ந்த செடிகளை நிமிர்த்தினாள். பிழைத்தது பாதிக்கும் குறைவு.

வாய்க்காலில் நின்ற மண்ணை நான் எடுத்தேன். நாலு நாள் கூடையில் அள்ளி என் செடிகளின் அடியில் போட்டேன். அது அவள் மண். அவள் எடுப்பாள் என்று ஒரு நாள் காத்திருந்தேன். எடுக்கவில்லை. மூன்றாம் நாள் மேலே நின்று என்னைப் பார்த்தாள்.

"ஒட்டிப் போடு தம்பி. தண்டை மூடிடாத," என்றாள்.

வேரைக் காட்டினது யார் என்று மண்டோர் அவளிடம் சொன்னாரா, தெரியாது. நான் சொல்லவில்லை.

அந்த மண் போட்ட பதினைந்து நாளில் என் செடி வெளிறல் போய்க் கரும்பச்சையானது.

அளந்த அன்று முதலில் மாட்டுக்காரர். ஒன்றே கால் டின். அவர் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு அண்ணனும் தம்பியும். இரண்டு டின்னும் எட்டுப் பால் டின்னும். அண்ணன் காலிச் சாக்கை மடித்தான். தம்பி, "கப்பல்ல சோறாவது போடுவாங்களா?" என்றான். பிறகு நான். மூன்று டின் நிறைந்தது. மேலே ஐந்து பால் டின். கிராணி என் பேருக்கு நேரே கோடு போட்டார். மிச்சப் பயறை என் காலடியில் ஒரு கூடையில் கொட்டிவிட்டார்கள்.

பிறகு அக்கா. மேல் பாதிச் சாக்கை மண்டோர் கொட்டினார். அளந்தார். இரண்டு டின் நிறைந்தது. அதன் பிறகு நாற்பது பால் டின். கொத்தாத பாதி மட்டும் அவ்வளவு. சின்னத் துரை நாற்காலியை விட்டு எழுந்து வந்து பயறைக் கையில் அள்ளிப் பார்த்தார்.

"ஐயா," என்றான் தம்பிக்காரன். அவன் பேர் அதற்கு முன்பே போய்விட்டது. "அந்தம்மா பங்குல பாதியை நம்ம ஆளுங்கதான் கொத்திட்டாங்க. அவங்களுக்கு ஒன்றரை டின் போதுமில்ல?"

கிராணி அதைத் துரையிடம் சொன்னார். துரை கொஞ்ச நேரம் பேசினார்.

"பட்டியல் மேலிடத்துக்குப் போறதாம். அங்க பங்கு எண்டுதான் இருக்கும். பாதிப் பங்கு எண்டு இராது," என்றார் கிராணி. பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னும் இருபதுதான் வேணும். மற்றச் சாக்கிலை வரும். கொட்டுங்கோ," என்றார்.

மண்டோர் கீழ்ப் பாதிச் சாக்கைத் தானே பிரித்தார். பயறு சிறுத்திருந்தது. பாயில் அது போட்ட குவியல் சின்னது. அளக்கத் தொடங்கினார். ஒவ்வொரு டின்னையும் விளிம்புக்குக் கொஞ்சம் கீழேயே விட முடியுமா என்று பார்த்தார். துரை பார்த்துக்கொண்டிருந்தார். மண்டோர் விளிம்புவரை நிறைத்துத் தலை தட்டினார்.

ஒன்றை லாபம் என்றுதான் எண்ணுவார்.

"லாபம். ரெண்டு. மூணு."

நான் என் கூடையைப் பார்த்தேன்.

"எட்டு. ஒம்பது. பத்து."

குவியல் பாயோடு ஒட்டிவிட்டது. துரை திரும்பிக் கிராணியின் புத்தகத்தைப் பார்த்தார். என் கூடைக்கும் அக்காவின் பாய்க்கும் நடுவில் ஒரு முழம் இருக்கும். கூடையின் விளிம்பில் கை வைத்தேன். கவிழ்த்தால் போதும்.

அக்கா என் கையைப் பார்த்தாள்.

"தம்பி," என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். "அதுபாட்டுக்குக் கெடக்கட்டும்."

என் கை நின்றுவிட்டது. மேலும் தள்ளியிருக்கலாம். தள்ளவில்லை.

"பதினாலு. பதினஞ்சு. பதினாறு."

மண்டோர் பாயின் நாலு மூலையையும் தூக்கி நடுவில் சேர்த்தார். கோரை இடுக்கில் சிக்கியிருந்ததை விரலால் நிமிண்டி எடுத்தார். சாக்கை உள்வெளியாகத் திருப்பி உதறினார். டின் நிறைந்தது. தலை தட்டினார். பாயைப் பார்த்தார். பாயில் ஒன்றும் இல்லை.

"எவ்வளவு?" என்றார் கிராணி, பேனாவை எடுத்து.

"பதினேழு."